லேசான பாதையை வெட்டியவர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. லீவு நாள்தானே, ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வரலாறு படிப்பிக்கிற ஒவ்வொருவருக்கும் பாடத்தில் ஒரு செல்லப்பிள்ளை இருக்கும். எங்களுக்கு இப்னு பதூதா. அவருடைய பெயரைச் சொன்னால் பின்வாங்கில் தூங்குகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். மொரோக்கோவின் தஞ்ஜாவில் பிறந்த மனிதர், 1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறி, காற்று திசைமாற்றிவிட, புத்தளத்தில் வந்து இறங்குகிறார். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. முத்துக்களைக் காட்டி, விரும்பியதைக் கேளுங்கள் என்கிறார் மன்னர். இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும்.

மலைக்கு இரண்டு வழி இருந்ததாக அவர் எழுதிவைத்தார். ஒன்று பாவா வழி, மற்றது மாமா வழி. 'மாமா' என்றதும் வகுப்பே சிரிக்கும். அது எங்கள் உம்மாவின் சகோதரர் இல்லை, ஹவ்வா உம்மாவைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போகும். மாமா வழி லேசானது. பாவா வழி செங்குத்தானது, இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். பத்துச் சங்கிலிகள் இருந்தன, பத்தாவதற்குக் கலிமாவின் பெயர். அந்த இடத்தில் நின்று கீழே பார்க்கிறவன் பயத்தில் கலிமா சொல்லிவிடுவானாம். லேசான வழியால் ஏறிப் போனவனை ஸியாரத் செய்தவனாகவே அங்கே கணக்கெடுக்க மாட்டார்கள் என்றும் எழுதுகிறார். பாவா வழியால் ஏறினார், மாமா வழியால் இறங்கினார். பிறகு தெவிநுவர, காலி என்று சுற்றிக் கொழும்புக்கும் வந்தார். இந்தத் தீவின் பெரிய, அழகான நகரங்களில் ஒன்று என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

இதையெல்லாம் ஒருநாள் பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கற்களில் உட்கார்ந்து நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். நண்பர் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதி அறை, அடுத்தடுத்த கட்டில். மன்னர் இப்னு பதூதாவுக்குக் கொடுத்த பரிவாரத்தைச் சொன்னோம்: ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க அடிமைகள், நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், மன்னருடைய ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து பேர்.

நண்பர் கேட்டார்: "அந்தப் பதினஞ்சு பேரும் எந்த வழியால ஏறினாங்க மச்சான்?"

கணித ஆசிரியர் அல்லவா, எண்ணில் போய் நின்றுவிட்டார். எங்களிடம் பதில் இல்லை. பல வருடமாக இந்தப் பாடத்தைச் செய்கிறோம், பதினைந்து என்ற எண்ணைச் சொல்லியிருக்கிறோம், அவர்களுக்கும் கால் இருந்தது என்று யோசித்ததில்லை.

அது 2023. அந்த டிசம்பர் லீவில் இருவரும் மலைக்குப் போவது என்று முடிவெடுத்தோம். முதலில் பேசியது பாவா ஆதம் மலையைத்தான். டிசம்பர் போயாவோடு பருவம் தொடங்கிவிடும், மே மாதம் வெசாக் வரைக்கும் சனம் ஏறும். ஆனால் எங்கள் இருவரிடமும் இருக்கும் நான்கு முழங்கால்களில் ஒன்று, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பழுதானது. அது யாருடையது என்று இதை வாசிக்கிறவர்களில் பலருக்குத் தெரியும். ஆகவே மாமா வழியைத் தேடினோம். ஹப்புத்தளையில் தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற உச்சிக்கு ஏழு கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே தோட்டத்து ரோட்டு, ஓட்டோவே போகும். கையை வீசிக்கொண்டு நடக்கலாம் என்றார்கள்.

இரவு மெயிலில் கோட்டையிலிருந்து ஏறினோம். விடியுமுன் ஹப்புத்தளையில் இறங்கும்போது, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய ஸ்வெட்டர் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது. கொழும்பில் டிசம்பர் என்றால் இரவில் மின்விசிறியை ஒரு இலக்கம் குறைப்பது, அவ்வளவுதான். இங்கே பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. ஸுபஹுக்கு வுழூ எடுத்த தண்ணீரில் விரல்கள் மரத்துப் போய்விட்டன. வெளியே வரும்போது எங்கோ கீழே ஒரு தோட்டத்துக் கோயிலில் மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. கடைத்தெருவில் நத்தார் நட்சத்திரம் தொங்கியது. ஹப்புத்தளை ஒரு கத்தி முனையில் உட்கார்ந்திருக்கிற ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம். இரண்டு பக்கத்திலிருந்தும் பனி ஏறி வந்து நடுத்தெருவில் சந்திக்கும்.

முதல் பஸ்ஸில் தம்பேதென்ன போனோம். 1890இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலை இன்னும் நிற்கிறது, நீளமான கட்டடம், வரிசையாக ஜன்னல்கள். அதைத் தாண்டியதும் நடை.

உண்மையிலேயே லேசான பாதை. ஏறுகிறோம் என்றே தெரியாது. ஒரு வளைவு வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம், மலையின் வயிற்றைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. இப்படி வெட்டியதற்குக் காரணம் நடக்கிறவர்களின் சுகம் இல்லை, மாடு. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி செங்குத்தாக ஏறாது. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளிவிடும். அதனால் கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்து ரோட்டுகளைச் சரிவு பார்த்து, மலையைத் தழுவிக்கொண்டு வெட்டினார்கள். பள்ளத்துப் பக்கம் சீமெந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பாசி பிடித்த அந்தச் சுவர்கள்மீதுதான் இன்றைக்கும் பவுசர்களும் ஓட்டோக்களும் போகின்றன.

"கான் வெட்டாட்டி இந்த ரோட்டு ஒரு மழைக்குத் தாங்காது" என்றார் நண்பர். கான் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பாகிஸ்தான் கிரிக்கெட்காரர்கள்தான். தேயிலை மலையில் மழைத் தண்ணி வழிந்து போக வெட்டுகிற வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பெயராம். கவ்வாத்து என்றால் செடியை வெட்டிப் பதிப்பது. 'மலை' என்றால் மலை இல்லை, நம்பர் போட்ட ஒரு தேயிலைத் துண்டு. எங்கேயோ வாசித்திருப்பார் என்று நினைத்தோம். அவர் பதுளை டவுன்காரர், அப்பா கடையில் வேலை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

மலைநாட்டு ரோட்டுகளின் கதையே சுமந்தவர்களின் கதைதான். கண்டியைப் பிடித்தபின் ஆங்கிலேயருக்கு முதலில் தேவைப்பட்டது ரோட்டு. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832இல் ஒழித்தார்கள், நல்ல விஷயம் என்று பாடத்தில் எழுதிக் கொடுக்கிறோம். 1848இல் வீதிச் சட்டம் வந்தது. வயது வந்த ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் ரோட்டில் வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். முன்வாசலால் அனுப்பியதைப் பின்வாசலால் கூட்டி வந்த வேலை. அதே வருடம் மாத்தளைக் கிளர்ச்சி வெடித்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் எங்களுக்கும் கொஞ்சம் பெருமை பேச ஆசை வந்தது. ரோட்டுகள் வருமுன் இந்த மலைக்குள் உப்பும் கருவாடும் துணியும் கொண்டு வந்தவர்கள் யார்? எங்கள் மூதாதைகள். தவளம் என்று சொல்வார்கள், பொதி மாடுகளின் வரிசை. கண்டி இராச்சியத்தில் அதற்கென்றே 'மடிகே பத்த' என்ற திணைக்களம் இருந்தது, பெரும்பாலும் முஸ்லிம்கள்தான் அதில். கரையிலிருந்து உப்பு ஏறும், மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கும். உப்பு இல்லாமல் ஒரு இராச்சியம் எத்தனை நாள் ஓடும்? ஊவாவின் 1817 கிளர்ச்சியைக் கிளப்பிய காரணங்களில் ஒன்றுகூட இந்தப் பொதி மாட்டுப் பதவிதான். ஹாஜி மரைக்கார் என்ற முஸ்லிமை வெல்லஸ்ஸவின் மடிகே முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தார்கள். அங்கிருந்த சிங்களத் தலைவரின் அதிகாரத்தை அது வெட்டியது. ஒரு சமூகத்தைத் தூக்கிவிடுவதுபோல இன்னொன்றின் காலை வாருவது. அந்த ஆட்சிக்கு அது கைவந்த கலை. ஹாஜி மரைக்காரும் அந்தக் கிளர்ச்சியில் கொல்லப்பட்டார், கிளர்ச்சியை அடக்கியபோது ஊவாவும் சுடுகாடானது.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உங்கட ஆக்களுக்குச் சுமக்க மாடாவது இருந்திச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு வளைவு தாண்டி ஒரு பெண் எதிரே வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் படங்கு, முதுகில் வெறும் கூடை. நண்பர்தான் வழி கேட்டார். கேட்கத் தேவையே இல்லை, ஒரே ரோட்டுத்தான், சும்மா பேச்சுக் கொடுத்தார். அந்தப் பெண் பதில் சொல்லிவிட்டு அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தத் தோட்டம் தம்பி?"

நண்பர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார், டிவிஷனைச் சொன்னார், எத்தனையாம் லயம் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அங்கே ஒரு கொழுந்தியா இருந்தாராம். இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். எங்களோடு பேசும்போது "என்ட", "உன்ட" என்று எங்களைப் போலப் பேசுகிற மனிதர், அங்கே "என்னோட", "ஒங்களோட" என்று பேசினார். வேறு ஒருவரோடு நடக்கிறோமோ என்று இருந்தது.

நாங்கள் பழகி அப்போது பதின்மூன்று வருடம்.

கூடைக்கார அம்மா போனபின் கொஞ்ச தூரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடங்கினார். ஆகஸ்டில் மாத்தளையில் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டாரே, அது கல்யாணம் இல்லை. மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் என்று அந்த ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனதே, அதில் கடைசி நாட்கள் போய் நடந்திருக்கிறார். செய்தியை எங்கள் கைபேசியிலேயே ஒன்றாகப் பார்த்தோம், வாயே திறக்கவில்லை.

"ஏன் சொல்லல்ல?"

"விடுதியில முதல் வருஷம், மெஸ்ஸில சண்டை வந்த அன்டைக்கு, சமையல்காரப் பொடியனுக்கு ஒராள் ஏசினது ஞாபகமிருக்கா? 'தோட்டக்காட்டான்' என்டு."

"யார்?"

"நீதான்."

எங்களுக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஏசியதைவிட அதை மறந்துபோனது கேவலமாகப் பட்டது. அவர் அதைப் பதின்மூன்று வருடமாக வைத்திருந்தார், எங்களுக்கு அது ஒரு சாப்பாட்டு நேரத்துக் கோபம். எங்களில் எத்தனை பேருக்கு இப்படி எத்தனை மறதி இருக்கிறதோ. மன்னிப்புக் கேட்டோம். "நட, நட, பனி மூட முதல் போகணும்" என்றார்.

நடந்தோம். இந்த முறை அவர் பேசினார், நாங்கள் கேட்டோம்.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து ஆட்கள் வந்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பஞ்சம் தள்ளிய ஊர்களிலிருந்து கரைக்கு நடந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, மறுபடி நடை. மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. கிட்டத்தட்ட 150 மைல், பெரும்பகுதி காடு. வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் வழியிலேயே ஆட்களை எடுத்தன. இங்கே முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கிற சில மாதம்தான் நிறைய ஆள் தேவை. வந்தவர்களில் பலர் பருவம் முடிய அதே காட்டு வழியால் திரும்பிப் போனார்கள், அடுத்த வருடம் திரும்ப வந்தார்கள். அந்தப் பாதையை அவர்கள் ஒரு தரம் நடக்கவில்லை, வாழ்நாள் முழுக்க நடந்தார்கள். கடன் கங்காணியின் கையில் இருந்தது. கடனை எழுதிய துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921 வரை இருந்தது.

1869இல் மடுல்சீமையில், நாங்கள் நடந்த இடத்திலிருந்து பார்த்தால் பதுளைக்கு அந்தப் பக்கத்து மலைகளில், கோப்பி இலையில் ஒரு மஞ்சள் துரு தெரிந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி போய்விட்டது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. தேயிலை அப்படியல்ல, வருடம் முழுக்கக் கொழுந்து விடும். ஆள் வருடம் முழுக்க வேண்டும், குடும்பமாக வேண்டும், கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். வந்துபோனவர்கள் லயத்தில் தங்கிவிட்டது இப்படித்தான். துரைமார் பலர் நொடிந்துபோய்த் தோட்டங்கள் மலிவாகக் கிடந்த நேரம் பார்த்து, 1890இல் கிளாஸ்கோ கடைக்காரர் லிப்டன் வந்து இறங்கினார். 1893இல் ஹப்புத்தளைக்கு ரயிலும் வந்தது. அந்தத் தண்டவாளத்தில்தான் நாங்கள் முதல்நாள் இரவு தூங்கிக்கொண்டு வந்தோம்.

நண்பரின் பாட்டியின் பாட்டி மாத்தளைக் காட்டு வழியால் வந்தவர் என்பது குடும்பக் கதை. பாட்டியின் தங்கை குடும்பம் 1970களில் திரும்பிப் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று எழுதினார்கள். நண்பர் கணிதக்காரர், அந்த மூன்று எண்ணையும் மூச்சு விடாமல் சொன்னார். பாட்டியின் தங்கை கோச்சியில் தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, இப்போது பிள்ளைகள் கோத்தகிரியில் மறுபடி தேயிலைத் தோட்டத்தில். பாட்டி இங்கே. அக்காவும் தங்கையும் பிறகு சந்திக்கவே இல்லை.

இதற்கெல்லாம் தொடக்கம் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட நிறையவில்லை, சுமார் ஏழு லட்சம் பேர் நாடில்லாதவர்களாகிவிட்டார்கள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் பாராளுமன்றம் வந்திருந்தார்கள், 1952இல் அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை, ஏனென்றால் போட ஆளுக்கு வாக்கு இல்லை. மிச்சம் வைத்த கணக்கு முழுதாகத் தீரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 1948இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. ஸாஹிராவைக் கட்டியெழுப்பிய அதிபர். 1945இல் அரசாங்க சபையில் டொமினியன் அந்தஸ்துக்கு ஆதரவாகச் சமூகத்தின் சார்பில் எழுந்து நின்றவர். அவருடைய அந்தப் பேச்சை ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் மாணவர்களைக் கொண்டு பேசவைக்கிறோம், இனியும் வைப்போம், அந்த மனிதருக்கு நாங்கள் பட்ட கடன் சிறியதில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் பிரஜாவுரிமை இழந்தபோது தொழில் அமைச்சு அவர் கையில்தான் இருந்தது என்பதையும் அதே மேடையில் ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நாங்கள் அதை எழுதிக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத் தலைவர்களைக் குற்றம் சொல்லி எழுதிய கட்டுரைகள் எங்கள் கொப்பியில் நிறைய இருக்கின்றன.

உச்சிக்கு வந்தோம். லிப்டன் அங்கே வெண்கலத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இடம் விட்டு, படம் எடுக்க வசதியாக. கொழும்புக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. நாங்களும் எடுத்தோம், மறைக்க என்ன இருக்கிறது. நண்பர் எடுக்கவில்லை. "எங்க பாட்டி உக்காந்திருந்தா எடுப்பேன்" என்றார்.

பனி இன்னும் ஏறவில்லை. தெற்கே மலை திடீரென்று முடிந்து, கீழே சமவெளி, வானம் தெளிந்திருந்தால் கடல்வரை தெரியுமாம். இப்னு பதூதா ஆதம் மலையில் நின்று, மேகம் தங்களுக்குக் கீழே இருந்ததைப் பார்த்ததாக எழுதிய காட்சி இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நண்பர் கையை நீட்டி, சரிவின் கீழே கொஸ்லந்தைப் பக்கத்தைக் காட்டினார்.

"மீரியபெத்த அங்கதான்."

2014 ஒக்டோபர் 29, காலை. மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்த நேரம் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வரும்போது வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. லயத்து மண் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. போகச் சொன்னால் எங்கே போவது? ஆசிரியர்கள் என்ற முறையில் எங்களுக்கு அந்தக் காலையில் ஒன்றுதான் மனதில் நிற்கிறது, அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டவர், மறுநாள் எப்படிக் கூப்பிட்டிருப்பார்.

உச்சியில் ஒரு சின்னக் கடை. ரொட்டியும் கட்டைச் சம்பலும், சாயத்தண்ணியும். தோட்டத்தில் விளையும் முதல்தரத் தேயிலை கப்பலேறிவிடும், அங்கே இருப்பவர்கள் குடிப்பது தூள் என்று நண்பர் சொன்னார். அந்தக் குளிருக்கு அந்தத் தூளே எங்களுக்கு அமிர்தம்.

இறங்கும்போது அவர் ரோட்டால் போகவில்லை. தேயிலைக்குள் நேராகக் கீழே இறங்குகிற ஒரு குறுக்கு வழி, கல்லில் குதிகால் வைக்கிற அளவுக்கு வெட்டிய படிகள். கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஏறி இறங்குவது இதால்தான். ரோட்டு வண்டிக்கு, இது ஆளுக்கு. இப்போதெல்லாம் பீக்கோ ட்ரெயில் என்று கண்டியிலிருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டமாக, இந்தப் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து வெளிநாட்டவர்கள் நடக்கிறார்கள். நல்ல முயற்சி, கடைக்காரருக்கும் வருமானம். அவர்கள் நடப்பது பெரும்பாலும் வண்டிப் பாதையில். எங்கள் பழுதான முழங்கால் பத்தாவது படியிலேயே முறைப்பாடு வைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு இடத்தில் வழுக்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அட்டை இரண்டு ஏறியிருந்தது. இப்னு பதூதாவும் இந்த நாட்டு அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார், எலுமிச்சை பிழிந்துவிட்டால் விழுந்துவிடும் என்று. எங்களிடம் எலுமிச்சை இல்லை.

நண்பர் திரும்பி வந்து எங்கள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "பதினாறாவது ஆள்" என்றார். பிறகு இருவரும் நின்று சிரித்தோம், அந்தச் சரிவில், கொஞ்சம் நேரம்.

ஹப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஒன்றேகால் மணி நேரம் தாமதம். மேடை நிறையக் கொழும்புக்காரர்கள். நண்பர் கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார், விடுதியில் பேசுவதுபோல ஒதுங்கிப் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில், அவருடைய சொந்தப் பேச்சில். பிறகு கைபேசியை எங்களிடம் நீட்டினார். பதின்மூன்று வருடத்தில் அவருடைய அம்மாவோடு நாங்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். சாப்பிட்டோம் அம்மா, லிப்டன் சீட் பார்க்க நடந்து போய் வருகிறோம் என்றோம்.

"நடந்தா? அந்தக் குளிருலயா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அங்க என்னாப்பா இருக்கு பாக்குறதுக்கு?"